192 கட்ஆஃப் இருக்கிறது, ஆசைப்பட்ட கல்லூரி கிடைக்குமா?

கேள்வி:

வணக்கம் சார். நாங்கள் பல்லடம் பக்கம். கூலிக்கு நெய்யும் விசைத்தறிதான் தொழில். என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணக்கு 97, இயற்பியல் 94, வேதியியல் 96. பிசி பிரிவு. பத்தாவது வரை ஊரில் அரசுப் பள்ளி, அப்புறம் இரண்டு வருடம் நாமக்கல் பக்கம் விடுதியில் தங்கித் தனியார் பள்ளியில் படித்தாள். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. அம்மிணிக்கு பீளமேடு பிஎஸ்ஜி டெக்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டும் என்று ஆசை. சொந்தக்காரர் ஒருவர், "போன வருசம் 190க்கே எங்க பையனுக்கு அங்க கெடைச்சுது, கவலையே படாதீங்க" என்கிறார். இன்னொருவர், "இப்பவே ரெண்டு லட்சம் அட்வான்ஸ் கட்டுங்க, பெரிய காலேஜ்ல மேனேஜ்மென்ட் சீட் எடுத்துத் தர்றேன், கவுன்சிலிங்கை நம்பி இருந்தா ஒண்ணும் கெடைக்காது" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. நல்ல ரோசனை சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள பல்லடம் நண்பருக்கு, முதலில் நகையை உள்ளே எடுத்து வையுங்கள். அந்த இரண்டு லட்சத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு யாருக்கும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

உங்கள் மகளின் கட்ஆஃப் 200க்கு 192. கணக்கு 97 அப்படியே வரும். இயற்பியலில் பாதி 47, வேதியியலில் பாதி 48. விடுதியில் தங்கி இரண்டு வருடம் உழைத்து வாங்கிய மதிப்பெண் இது. இதற்கு ஒரு பாராட்டைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஏனென்றால் அடுத்து நான் சொல்வது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

பிஎஸ்ஜி டெக்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் 192க்குக் கிடைப்பது மிகவும் கடினம். அண்மை ஆண்டுகளில் அந்தப் பிரிவில் பிசி மாணவர்களுக்கே 195க்கு மேல்தான் இடம் முடிந்திருக்கிறது. மூன்று மதிப்பெண்தானே என்று தோன்றலாம். 190க்கு மேலே கூட்டம் அவ்வளவு நெருக்கம். அரை மதிப்பெண் இறங்கினாலே நூற்றுக்கணக்கானவர்கள் முன்னால் போய்விடுவார்கள். அதே 192 வாங்கியவர்களுக்குள்ளும் வரிசை உண்டு. கணக்கில் 98, இயற்பியலில் 94, வேதியியலில் 94 வாங்கிய ஒரு பையனுக்கும் 192தான் வரும். ஆனால் கணக்கில் ஒரு மதிப்பெண் கூட இருப்பதால் அவன் உங்கள் மகளுக்கு முன்னால் நிற்பான். அதுவும் சமமாக இருந்தால் இயற்பியலைப் பார்ப்பார்கள். மற்றவற்றையும் பிறந்த தேதியையும் பார்த்த பிறகும் சமமாகவே இருந்தால்தான், விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி குலுக்கிப் போட்டுக் கொடுக்கும் ரேண்டம் எண்ணைப் பார்ப்பார்கள். அந்த எண் வந்த அன்றைக்கு வீடே இடிந்து உட்கார்ந்துவிடுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு அந்த எண் பயன்படும் கட்டமே வராது.

சரி, அப்படியானால் உங்கள் சொந்தக்காரர் பொய் சொல்கிறாரா? இருக்காது. அவர் பையனுக்கு 190க்குக் கிடைத்திருக்கலாம். ஆனால் அவரிடம் நான்கு விஷயம் கேட்க வேண்டும்.

எந்தப் பிரிவு? பிஎஸ்ஜி டெக்கில் கம்ப்யூட்டர் மட்டுமா இருக்கிறது? மெக்கானிக்கல், புரொடக்‌ஷன், மெட்டலர்ஜி, சிவில், டெக்ஸ்டைல், பயோடெக்னாலஜி என்று நிறைய உண்டு. சில பிரிவுகள் சாண்ட்விச் வகை. தொழிற்சாலைப் பயிற்சியும் சேர்ந்திருப்பதால் படிப்புக் காலம் கூடும். ஒரே கல்லூரிக்குள் பிரிவுக்குப் பிரிவு கட்ஆஃப் பத்து மதிப்பெண்ணுக்கு மேல்கூட வித்தியாசப்படும்.

எந்தக் கல்லூரி? பீளமேட்டில் இருப்பது பிஎஸ்ஜி டெக். நீலாம்பூரில் இருப்பது பிஎஸ்ஜி ஐடெக். நிர்வாகம் ஒன்று, கல்லூரி வேறு, கட்ஆஃபும் வேறு. ஊரில் இரண்டையும் பிஎஸ்ஜி என்றுதான் சொல்வார்கள். விருப்பப் பட்டியல் போடும்போது பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். பிஎஸ்ஜி டெக்கிற்கு 2006.

எந்த இனப் பிரிவு? பொதுப் பிரிவுக்கு 31 சதவீதம், பிசிக்கு 26.5, பிசி முஸ்லிமுக்கு 3.5, எம்பிசிக்கு 20, எஸ்சிக்கு 15, அருந்ததியருக்கு 3, எஸ்டிக்கு 1. ஒவ்வொன்றுக்கும் கடைசி மதிப்பெண் தனி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் தனியாக ஓடுகிறது. அந்தப் பையன் எந்த வரிசையில் உள்ளே போனான் என்று தெரியாமல் அவன் மதிப்பெண்ணை உங்கள் மகளோடு ஒப்பிட முடியாது.

கடைசிக் கேள்வி, எந்த ஆண்டு? "போன வருசம்" என்பது பேச்சில் மூன்று நான்கு வருடம் பின்னால்கூடப் போகும். 2021ல் கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் மதிப்பெண்களையும் செய்முறை, அகமதிப்பீட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் மதிப்பெண் கொடுத்தார்கள். அந்த வருடக் கட்ஆஃபை எதற்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போன வருடக் கட்ஆஃப் என்பது அந்த இடத்தில் கடைசியாகச் சேர்ந்த பிள்ளையின் மதிப்பெண், அவ்வளவுதான். யாரும் முன்கூட்டி நிர்ணயித்த கோடு அல்ல. போன தீபாவளி நூல் விலையை வைத்துக்கொண்டு இந்த மாதம் பாவு வாங்கக் கணக்குப் போடுவீர்களா? இதுவும் அப்படித்தான். கணக்கு வினாத்தாள் சுலபமாக இருந்து சென்டம் குவிந்தால் மேல்மட்டக் கட்ஆஃப் எல்லாம் ஏறும். இயற்பியல் கடினமாக இருந்தால் இறங்கும். இன்னொரு பக்கம் இடங்களின் எண்ணிக்கையும் மாறுகிறது. நன்றாக நடக்கும் கல்லூரிகள் ஒரு பிரிவில் இத்தனை பேரைத்தான் சேர்க்கலாம் என்றிருந்த உச்சவரம்பை 2024ல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. அதன் பிறகு தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் சார்ந்த இடங்கள் நிறையவே கூடியிருக்கின்றன.

ஆகவே மதிப்பெண்ணை விட ரேங்க்கைப் பாருங்கள். 192 என்ற எண்ணுக்கு ஒரு வருடம் ஒரு ரேங்க் வரும், அடுத்த வருடம் ஆயிரக்கணக்கில் தள்ளிக்கூட வரும். ரேங்க் அப்படி ஏமாற்றாது. உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை அது நேராகச் சொல்லிவிடும். ரேங்க் லிஸ்ட் வெளியானதும் உங்கள் மகளுக்கு இரண்டு எண் கிடைக்கும். ஒன்று பொது ரேங்க், இன்னொன்று பிசிக்குள் அவருடைய ரேங்க். இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சிலிங் இணையதளத்திலேயே முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாக இடம் வாங்கியவரின் மதிப்பெண்ணும் ரேங்க்கும் இனவாரியாக இருக்கும். மூன்று வருடத்தை எடுத்து, பிசி பத்தியில் மகளின் பிசி ரேங்க்கோடு ஒப்பிடுங்கள். மூன்று வருடமும் அவர் ரேங்க்குக்கு நன்றாகப் பின்னால் முடிந்திருந்தால் அந்த இடம் நம்பிக்கையானது. ஒரு வருடம் முன்னால், ஒரு வருடம் பின்னால் என்றால் போட்டி இடம். மூன்று வருடமும் வெகு முன்னாலேயே முடிந்திருந்தால் அது ஆசை இடம். பொதுப் பிரிவுப் பத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிசி மாணவருக்கு முதலில் பொதுப் பிரிவு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் பிசி இடத்தைப் பார்ப்பார்கள். இரண்டு கதவும் அவருக்குத் திறந்தவைதான்.

இப்போது என் கணிப்பைச் சொல்கிறேன். கோவையின் மூன்று பழைய கல்லூரிகளான ஜிசிடி (அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி), பிஎஸ்ஜி டெக், சிஐடி (கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) ஆகியவற்றில் கம்ப்யூட்டரும் ஐடியும் உங்கள் மகளுக்கு ஆசை இடங்கள். அதே கல்லூரிகளில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) போட்டி இடம். இஇஇ (எலக்ட்ரிகல்), இன்ஸ்ட்ருமென்டேஷன், மெக்கானிக்கல், புரொடக்‌ஷன், சிவில் போன்றவற்றுக்கு 192 நல்ல மதிப்பெண். கம்ப்யூட்டர்தான் வேண்டும், கல்லூரி அடுத்த வரிசையில் இருந்தாலும் பரவாயில்லை என்றால் குமரகுரு, பெருந்துறை கொங்கு, ஸ்ரீகிருஷ்ணா மாதிரி இடங்களில் அவர் தைரியமாகப் போட்டியிடலாம். கொங்கு என்றால் விடுதியில் தங்க வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஜிசிடியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். கொங்கு நாட்டுப் பெற்றோர் பலர் அதைப் பட்டியலில் கீழே தள்ளிவிடுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் 1945ல் தொடங்கிய கல்லூரி அது. தடாகம் ரோட்டில் இருக்கும் அரசுக் கல்லூரி. கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. கட்டடம் பளபளப்பாக இருக்காது, உண்மைதான். ஆனால் கூடப் படிக்கப் போகும் பிள்ளைகள் எல்லாம் உங்கள் மகளைப் போலவே கஷ்டப்பட்டு மதிப்பெண் வாங்கி வந்தவர்கள். நான்கு வருடம் யாரோடு உட்கார்ந்து படிக்கிறோம் என்பதும் படிப்பில் பாதி. கூலி நெய்தலில் மாதா மாதம் என்ன மிஞ்சும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஜிசிடியில் இசிஇ அல்லது இஇஇ வாய்த்தால், ஒரு சுமாரான கல்லூரியின் கம்ப்யூட்டர் சீட்டுக்காக அதை விட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மோட்டார், பம்ப் தொழில் ஓடும் ஊரில் இஇஇ படித்த பிள்ளைக்கு வேலை கோவைக்குள்ளேயே கிடைக்கும். சாஃப்ட்வேர் வேலைக்கும் அந்தப் படிப்பு தடையில்லை. ஆனால் உங்கள் மகளுக்கு மின்சாரப் பாடத்தில் துளியும் விருப்பமில்லை என்றால் என் பேச்சை விட்டுவிடுங்கள். படிக்கப் போவது அவர்.

அடுத்தது விருப்பப் பட்டியல். இத்தனை வருடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் இடத்தைக் கோட்டைவிட்டதை நான் அதிகம் பார்த்தது இந்த இடத்தில்தான். "மேலே பெரிய காலேஜைப் போட்டா, அதுவும் கெடைக்காம கீழ இருக்கறதும் போயிரும்" என்று ஒரு பயம் ஊரெல்லாம் இருக்கிறது. அப்படி எதுவும் இல்லை. கணினி ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கும். உங்கள் மகளின் முறை வரும்போது அவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலாவது காலியாக இல்லையா, இரண்டாவது. அதுவும் இல்லையா, மூன்றாவது. எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். எட்டாவது இடத்தில் எழுதிய கல்லூரியை, எட்டாவதாக எழுதியதற்காக வேறு யாருக்கும் கொடுக்காது. அதனால் பிஎஸ்ஜி டெக் கம்ப்யூட்டர் சயின்ஸை அம்மிணி முதல் வரியிலேயே எழுதட்டும். அதனால் நஷ்டம் எதுவும் கிடையாது.

நஷ்டம் வருவது தலைகீழாக எழுதும்போது. கிடைக்கும் என்று நம்பும் இடத்தை மேலேயும் விரும்பும் இடத்தைக் கீழேயும் எழுதினால், நம்பிய இடம் கிடைத்த உடனே கணினி நின்றுவிடும். கீழே எழுதிய நல்ல இடம் காலியாக இருந்தாலும் வராது. ஆகவே வாய்ப்பைப் பார்த்து வரிசை போடாதீர்கள், விருப்பத்தைப் பார்த்துப் போடுங்கள். வாய்ப்பைப் பார்க்க வேண்டியது பட்டியல் எவ்வளவு நீளம் போக வேண்டும் என்பதற்கு மட்டும்தான். எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். 192க்கு ஐம்பது அறுபது வரி தாராளமாக எழுதுங்கள். கடைசிப் பத்து வரியாவது கண்டிப்பாகக் கிடைக்கும் என்ற இடங்களாக இருக்கட்டும். ஆனால் கிடைத்தால் சேர மாட்டோம் என்று நினைக்கும் கல்லூரியை ஒரு வரியில்கூட எழுதாதீர்கள்.

அண்மை ஆண்டுகளின் நிலவரப்படி 192க்கு முதல் சுற்றிலேயே அழைப்பு வந்துவிடும். எல்லாக் கல்லூரிகளும் ஏறக்குறைய முழுசாகத் திறந்திருக்கும் சுற்று அது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய இரண்டு நாள் அளவுக்குத்தான் நேரம் இருக்கும். கிடைத்ததை ஏற்றுச் சேர்கிறேன் என்று சொல்லலாம். ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மேலே எழுதிய இடம் காலியானால் அதைக் கொடுங்கள் என்றும் சொல்லலாம். இரண்டாவதைத்தான் அப்வர்ட் என்கிறார்கள். ஐஐடி, என்ஐடி, மருத்துவம் என்று போகிறவர்கள் விட்டுச் செல்லும் இடங்களால் அந்த நகர்வு நடக்கிறது. உங்கள் மகளுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மேல் இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும், திரும்பி வராது. பட்டியலின் மேல்பகுதியை யோசித்து எழுதச் சொல்வது அதனால்தான்.

பட்டியலை யார் தட்டச்சு செய்கிறார்கள் என்பதிலும் கவனமாக இருங்கள். ஜெராக்ஸ் கடையிலோ பிரவுசிங் சென்டரிலோ கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஓடிபி கேட்டு யார் போன் செய்தாலும் சொல்லாதீர்கள். கமிஷன் கொடுக்கும் கல்லூரியை முதல் வரியில் போட்டுப் பட்டியலைப் பூட்டிவிட்ட சம்பவங்கள் உண்டு. வீட்டில் கணினி இல்லையென்றால் அரசு அமைத்திருக்கும் உதவி மையத்துக்கு மகளோடு போங்கள். காசு வாங்காமல் செய்து தருவார்கள். கடைசி நாள் சாயங்காலம் வரை தள்ளிப் போடாமல் முன்னதாகவே பூட்டிவிடுங்கள்.

பத்தாவது வரை அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை முழுவதும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. உங்கள் மகளுக்கு அது வராது. வீட்டில் அடுத்த பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறதென்றால் பள்ளி மாற்றும் முன் இதை யோசியுங்கள். அதில் இடம் பெறுகிறவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஆனால் குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் படிப்பவருக்குக் கட்டணத்தில் தரும் முதல் பட்டதாரி சலுகை உங்கள் மகளுக்கு உண்டு. அந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். சேர்க்கை நெருங்கும்போது தாலுகா ஆபீஸில் கூட்டம் தாங்காது.

இனி அந்த இரண்டு லட்சம். மேனேஜ்மென்ட் ஒதுக்கீடு என்று ஒன்று இருப்பது உண்மை. சிறுபான்மையினர் நடத்தாத தனியார் கல்லூரிகள் 65 சதவீத இடத்தைக் கவுன்சிலிங்குக்குக் கொடுத்துவிட்டு மீதி 35ஐத் தாங்களே நிரப்பலாம். ஆனால் அந்தச் சேர்க்கையைக் கல்லூரி அலுவலகம்தான் செய்யும். நடுவில் ஓர் ஆள் தேவையில்லை. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதை 1992லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். இந்த மனிதர் உங்களிடம் ரசீது கொடுப்பதாகச் சொன்னாரா? கல்லூரியின் பெயரில் வங்கிக் கணக்கில் கட்டச் சொன்னாரா? கையில் கொடுங்கள் என்றுதானே சொல்லியிருப்பார். சீட் வந்தால் தன்னால் வந்தது என்பார். வராவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார், அல்லது போனை எடுக்க மாட்டார். உங்கள் மகளிடம் 192 இருக்கிறது. கவுன்சிலிங்கில் அரசுக் கட்டணத்தில் நல்ல இடம் கிடைக்கப் போகிறது. இந்த மதிப்பெண்ணுக்கு எந்தத் தரகரும் தேவையில்லை.

முன்கூட்டியே ஏதாவது ஒரு கல்லூரியில் பணம் கட்டி இடம் பிடித்து வைக்கலாமா என்றும் தோன்றும். வேண்டாம். அப்படியே கட்டியிருந்தாலும் வகுப்பு தொடங்கும் முன் விலகினால், ஒரு சிறு தொகை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏஐசிடிஇ விதி. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கவும் கூடாது. விதி இருந்தாலும் பணத்தைத் திரும்ப வாங்க நீங்கள் தறியை நிறுத்திவிட்டு அலைய வேண்டும். உங்கள் மகளின் டிசியும் மார்க் ஷீட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று, இதற்குத்தான் நாள் குறைவு. மகளுக்குக் கணக்கில் மூன்றும் இயற்பியலில் ஆறும் போயிருக்கின்றன. எங்கே போனது என்று அவருக்குத் தெரிகிறதா? எல்லாம் சரியாக எழுதினேன், எப்படிக் குறைந்தது என்று புரியவில்லை என்று அவர் சொன்னால், விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகலைப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, திருத்தியதில் பிழை இருந்தால் மட்டும் மறுமதிப்பீடோ மறுகூட்டலோ கேளுங்கள். கணக்கில் ஒரு மதிப்பெண் கூடினால் கட்ஆஃபில் முழுசாக ஒன்று, இயற்பியலில் கூடினால் அரை. ஜிசிடி இசிஇ மாதிரி போட்டி இடத்தில் அந்த ஒன்று பெரிய விஷயம். விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் அவகாசம் கொடுப்பார்கள். இதைப் படித்த கையோடு பள்ளிக்குப் போன் செய்து கடைசித் தேதியைக் கேளுங்கள்.

ரேங்க் லிஸ்ட் வந்ததும் பொது ரேங்க், பிசி ரேங்க் இரண்டையும், மகள் தன் கையால் எழுதிய பட்டியலையும் எனக்கு அனுப்புங்கள். பட்டியலை நீங்கள் திருத்த வேண்டாம், சொந்தக்காரரும் திருத்த வேண்டாம். வரிசையில் ஏதாவது இடறினால் நான் அவரிடமே சொல்கிறேன்.